ஒரு வண்டியின் முன்கதை

கல்லூரியில் படிக்கும் ஒருவர் குறைந்த செலவில் நம்பகமான கார் ஒன்றைத் தேடத் தொடங்கும்போது, அவரும் அவருடைய குடும்பத்தாரும் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் 'எந்தக் கம்பெனி வண்டி நல்லது' என்பதாகவே இருக்கிறது; ஆனால் தமிழ்நாட்டின் பழைய கார்ச் சந்தையில் இரண்டு முதல் நான்கு லட்சம் ரூபாய்க்குள் கிடைக்கும் வண்டிகளைப் பொறுத்தவரை, அந்தக் கேள்விக்கான விடை பாதி வழிக்குக்கூடத் துணை வருவதில்லை. தொழிற்சாலையிலிருந்து ஒரே நாளில் வெளிவரும் நூறு வண்டிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் என்றாலும், எட்டு ஆண்டுகள் ஓடிய பிறகு அவை நூறு வெவ்வேறு வண்டிகளாகிவிடுகின்றன: ஒன்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டு நிழலில் நின்று, நேரத்துக்கு எண்ணெய் மாற்றப்பட்டு, வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு மட்டும் போய் வந்திருக்கும், இன்னொன்று நான்கு கைகள் மாறி, மோதி, பட்டி பூசப்பட்டு, புதுவண்ணத்தில் பளபளக்கும், மூன்றாவது ஒரு மழைக்காலத்தில் இருக்கை உயரத்துக்கு நீரில் நின்று, உலர்த்தப்பட்டு, விற்பனைக்கு வந்திருக்கும். ஆகவே பழைய காரின் நம்பகத்தன்மையை அதன் பெயரில் தேடுவதைவிட, அந்த ஒரு வண்டி இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் தேடுவதே சரியான வழி. அந்த முன்கதையைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் மாணவர், சந்தையில் பல ஆண்டு பழகியவருக்கு இணையாக நின்று பேரம் பேச முடியும்.

கார் இல்லாமலேயே படிப்பை முடிப்பவர்கள்தான் மாணவர்களில் மிகப் பலர். பேருந்தும் ரயிலும் நேரத்துக்கு வரும் ஊரில் கார் வாங்குவதற்கு வலுவான காரணம் அரிதாகவே இருக்கும். எனினும், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பேருந்து வந்துபோகும் கிராமத்திலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்லூரிக்குச் சென்று வருபவர், இரவுப் பணியோடு மருத்துவமோ செவிலியமோ படிப்பவர், நோயுற்ற பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைத் தனியே சுமப்பவர், நெடுந்தொலைவு நடக்க இயலாத உடல்நிலை உடையவர் ஆகியோருக்குக் கார் ஆடம்பரப் பொருளாக இருப்பதில்லை. இவர்களுள் முதலாண்டு மாணவர் பலர் இன்னும் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். சில மாதங்கள் காத்திருப்பது இங்கே எல்லா வகையிலும் நல்லது.

விலையும் செலவும்

வாங்கும் விலையை மட்டும் கணக்கிட்டு, வைத்திருக்கும் செலவைக் கணக்கிடாமல் விடுவதே மாணவர் குடும்பங்களைப் பெரிதும் சிரமத்துக்கு உள்ளாக்கும் பிழை. நாள்தோறும் போகவர ஐம்பது கிலோமீட்டர், மாதத்துக்கு இருபது நாள் என்று கொண்டால் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஆகிறது. சிறிய பெட்ரோல் கார் ஒன்று நடைமுறையில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தருவதாகவும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 6,250 ரூபாய் எரிபொருளுக்கே போய்விடும். ஆண்டில் பத்து மாதம் கல்லூரி நடந்தால் இது 62,500 ரூபாய். அதாவது, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வண்டி, நான்காண்டுப் பொறியியல் படிப்பு முடிவதற்குள் தன் விலைக்குச் சமமான பெட்ரோலைக் குடித்து முடித்திருக்கும். இதற்கு மேல் ஆண்டுதோறும் காப்பீடு, சர்வீஸ், எப்போதாவது ஒரு பேட்டரி, நான்கு டயர் என்று செலவுகள் வரிசை கட்டும். எனவே கையில் மூன்று லட்சம் இருப்பவர் இரண்டேகால் லட்சத்துக்குள் வண்டியைத் தேடி, எஞ்சிய முக்கால் லட்சத்தை முதலாண்டின் பழுதுகளுக்கும் பெயர் மாற்றத்துக்கும் ஒதுக்கி வைப்பதே அறிவுடைமை. மூன்று லட்சத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டு, முதல் மாதமே கிளட்ச் பிளேட் தேய்ந்துபோய் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி வைப்பவர்களை எந்த ஊரிலும் காணலாம்.

கடன் வாங்கி வண்டி எடுப்பவர் வட்டியின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வண்டிக் கடனில் சில நிதி நிறுவனங்கள் 'பிளாட் வட்டி' என்ற முறையில் விகிதத்தைச் சொல்கின்றன. கடன் தொகையில் எவ்வளவு திருப்பிச் செலுத்தப்பட்டிருந்தாலும், தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி கணக்கிடுவதே அந்த முறை. 2 லட்சம் ரூபாயை நான்காண்டுகளுக்கு 9 சதவீதப் பிளாட் வட்டிக்கு வாங்கினால், வட்டி மட்டும் 72,000 ரூபாய். மாதத் தவணை 5,667 ரூபாய். எஞ்சிய கடனுக்கு மட்டும் வட்டி கணக்கிடும் வங்கி முறையில் இதே தவணை வர வேண்டுமானால் வட்டி விகிதம் ஏறத்தாழ 16 சதவீதமாக இருந்தாக வேண்டும். 'ஒன்பது' என்று காதில் விழுவதும் 'பதினாறு' என்று கையை விட்டுப் போவதும் ஒரே கடன்தான் என்பதை, வருமானம் இன்னும் தொடங்காத மாணவருக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இங்கே 'சிறிய கார்' என்பது நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாத, பெட்ரோல் வண்டியானால் 1,200 சிசிக்கும் டீசல் வண்டியானால் 1,500 சிசிக்கும் மிகாத இஞ்சின் கொண்ட காரைக் குறிக்கும். சிசி என்பது இஞ்சினின் உருளைகளுக்குள் அடங்கும் கன அளவு. இந்தக் குறைப்புக்குப் பின் மாருதி ஆல்டோ கே10 போன்ற வண்டிகளின் அடிப்படை வகை, ஷோரூம் விலையில் நான்கு லட்சத்துக்குக் கீழே இறங்கியது. ஆயுள் வரி, பதிவு, காப்பீடு ஆகியவை சேரும்போது அந்தத் தொகை கணிசமாக உயரும் என்பது உண்மையே. எனினும் புதிய வண்டி இந்த அளவுக்கு அருகில் வந்துவிட்ட நிலையில், ஐந்தாறு வயதான சிறிய காருக்கு மூன்றரை லட்சம் கேட்பவரிடம் பேரம் பேசத் தயங்க வேண்டியதில்லை.

வயது சொல்லும் செய்தி

ஒரு காரின் தயாரிப்பு ஆண்டு, அதன் தேய்மானத்தை மட்டும் சொல்வதில்லை. ஓட்டுபவரின் உயிருக்கு அந்த வண்டி எவ்வளவு பாதுகாப்புத் தரும் என்பதையும் அதுவே சொல்கிறது. உலக அளவில் மோதல் சோதனை நடத்தும் குளோபல் என்கேப் அமைப்பு 2014 ஜனவரியில் இந்தியச் சிறுகார்கள் ஐந்தைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டபோது, ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, வோக்ஸ்வேகன் போலோ ஆகிய ஐந்தின் காற்றுப்பை இல்லாத அடிப்படை வகைகளும், வயது வந்தோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதன் பிறகே விதிகள் படிப்படியாக இறுகின. திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் முற்றிலும் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு, 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது. ஓட்டுநருக்கான காற்றுப்பை, இருக்கைப் பட்டை நினைவூட்டி, பின்புறப் பார்க்கிங் உணரி, வேக எச்சரிக்கை ஆகியவை 2019 ஜூலை முதல் கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பையும் 2021-ஆம் ஆண்டின் இறுதிக்குள் கட்டாயப் பட்டியலில் சேர்ந்தது.

இந்த மூன்று தேதிகளும், மாணவர் ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டிய வண்டியின் வயதை ஏறக்குறைய முடிவு செய்துவிடுகின்றன. 2012-ஆம் ஆண்டுச் செடான் ஒன்றும் 2019-ஆம் ஆண்டின் பிற்பாதியில் வந்த சிறிய ஹேட்ச்பேக் ஒன்றும் ஒரே விலைக்குக் கிடைக்கும்போது, இளைஞர்களின் கண் இயல்பாகவே நீளமான வண்டியின்மேல் விழுகிறது. ஆனால் ஓட்டிப் பழகாத கையும், இரவுப் பயணமும், மழைச் சாலையும் ஒன்றுசேரும் இடத்தில் ஏபிஎஸ்ஸும் காற்றுப்பையும் உள்ள சிறிய வண்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் போதவில்லையானால், பாதுகாப்பைக் குறைத்துக்கொள்வதைவிட இன்னும் ஓராண்டு பேருந்தில் போவதே மேல். மிகப் பழைய வண்டிக்கு வேறு செலவும் உண்டு. தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனை, அதாவது மக்கள் வழக்கில் 'எஃப்சி', முடித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்கான மத்திய அரசுக் கட்டணம் மட்டும் 5,000 ரூபாயாக 2022 ஏப்ரலில் உயர்த்தப்பட்டது. எரிபொருளிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது: இருபது சதவீதம் எத்தனால் கலந்த, இ20 எனப்படும் பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பின் வெளிவந்த வண்டிகளின் ரப்பர் குழாய்களும் அடைப்பான்களும் இதற்கேற்ற பொருளில் செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டியை வாங்குபவர், எரிபொருள் குழாய்கள் வெடித்தோ இளகியோ இருக்கின்றனவா என்பதை மெக்கானிக்கிடம் காட்டிப் பார்ப்பதும், மைலேஜ் சற்றுக் குறையும் என்று எதிர்பார்ப்பதும் நல்லது.

எந்த மாதிரி என்ற கேள்விக்கு இப்போது சுருக்கமாகவே விடை சொல்லலாம்: தெருமுனை மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த வண்டி, மாவட்டத் தலைநகரின் உதிரிபாகக் கடையில் கேட்டவுடன் பொருள் கிடைக்கும் வண்டி. மாருதியின் ஆல்டோ, வேகன்ஆர், செலேரியோ, ஸ்விஃப்ட், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாயின் ஐ10, கிராண்ட் ஐ10 ஆகியவை இந்த இலக்கணத்துக்குப் பொருந்துகின்றன. செவ்ரோலே 2017 முடிவில் இந்திய விற்பனையை நிறுத்தியது; மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது; ஒரகடத்தில் தயாரான டாட்சன் 2022-இல் விடைபெற்றது. இவற்றின் கார்கள் சந்தையில் மலிவாகக் கிடைப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம், அவற்றின் தரம் அன்று. ஃபோர்டு ஃபிகோவின் திசைமாற்றியைப் பிடித்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. எண்ணெய் வடிகட்டி, பிரேக் ஷூ போன்ற தேயும் பொருள்கள் இவற்றுக்கும் கிடைக்கின்றன என்றாலும், விளக்கு, கதவு, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவை தேவைப்படும் நாளில் ஒரு மாணவரால் வாரக் கணக்கில் காத்திருக்க இயலாது. டீசல் வண்டியையும் விலக்கிவிடலாம்: 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 டீசல் கார்களில் புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும் என்பதால், விடுதிக்கும் வகுப்புக்கும் இடையே மட்டும் ஓடும் டீசல் வண்டி அடைத்துக்கொண்டு பெருஞ்செலவு வைக்கும்.

இஞ்சினைப் பற்றிய ஒரு நுட்பத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் விற்பவர் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. இஞ்சினின் அடிப்பகுதியில் சுழலும் தண்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையும் ஒரே தாளத்தில் இணைத்து ஓட்டுவதற்குச் சில வண்டிகளில் ரப்பர் பட்டையும் சில வண்டிகளில் உலோகச் சங்கிலியும் பயன்படுகின்றன. முன்னது டைமிங் பெல்ட், பின்னது டைமிங் செயின். பெல்ட்டைக் கையேடு குறிப்பிடும் கிலோமீட்டருக்குள் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் ஓட்டி அது அறுந்தால், பல இஞ்சின்களில் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்து, இஞ்சினையே இறக்கிப் பிரிக்கும் நிலை வந்துவிடும். ஆல்டோ 800-இன் 796 சிசி இஞ்சினும் பழைய சான்ட்ரோவின் 1.1 லிட்டர் இஞ்சினும் பெல்ட் வகை. ஆல்டோ கே10-இன் 998 சிசி இஞ்சினும் கிராண்ட் ஐ10-இன் 1.2 லிட்டர் பெட்ரோல் இஞ்சினும் சங்கிலி வகை. பெல்ட் வகை வண்டியானால், அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கான ரசீதைக் கேட்க வேண்டும். ரசீது இல்லையானால், மாற்றும் செலவை விலையில் கழித்துவிட வேண்டும்.

வண்டியிடமே கேட்டறிதல்

வண்டியைப் பார்க்கப் போகும் நேரம் காலையாக இருப்பதும், இஞ்சின் குளிர்ந்திருப்பதும் முக்கியம். பார்க்க வருபவருக்கு வசதியாக வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைப்பது உபசாரம்போலத் தோன்றினாலும், குளிர்ந்த நிலையில் மட்டுமே வெளிப்படும் குறைகளை அது மறைத்துவிடுகிறது. குளிர்ந்த இஞ்சின் ஒரே சாவித் திருப்பலில் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது நீலம் கலந்த புகை வந்தால் இஞ்சின் தன் எண்ணெயை எரிக்கிறது என்றும், சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை தொடர்ந்தால் குளிர்விக்கும் திரவம் உருளைக்குள் கசிகிறது என்றும் பொருள்படும். இந்தக் கசிவுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஹெட் கேஸ்கட், அதாவது இஞ்சினின் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையே அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் மெல்லிய தகடு. அது போய்விட்டால், எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பாலாடை போன்ற வெளிர்நிறப் பசை படிந்திருக்கலாம். கூலன்ட் தொட்டியில் பச்சை, சிவப்பு போன்ற தெளிவான நிறத்துக்குப் பதில் துருநிறத் தண்ணீர் இருந்தால், முந்தைய உரிமையாளர் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார் என்பது விளங்கும். தமிழ்நாட்டு வெயிலில் அப்படி ஓடிய இஞ்சின் எத்தனை முறை கொதித்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஏசியைப் போட்டு, நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் இஞ்சினை ஓடவிட்டு, மின்விசிறி தானே இயங்கி நிற்கிறதா, வெப்பமுள் நடுவிலேயே நிற்கிறதா என்று பார்ப்பது, எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய மிகச் சிறந்த சோதனை.

அடுத்தது உடற்கூடு. மோதிய வண்டியை டிங்கரிங் செய்து வண்ணம் பூசி மறைப்பதில் நம் ஊர்ப் பட்டறைகள் தேர்ந்தவை என்பதால், கண் வண்ணத்தைப் பார்க்காமல் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். பானட்டையும் முன்சக்கரத்தின் மேல்தகட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் வண்ணம் உதிர்ந்திருந்தால், அவை ஒருமுறை கழற்றப்பட்டவை. கதவின் விளிம்பிலுள்ள ரப்பர் பட்டையை இழுத்துப் பார்த்தால், தொழிற்சாலையில் இடப்பட்ட புள்ளிப் பற்றவைப்புகள் சம இடைவெளியில் வரிசையாகத் தெரியும். அங்கே தாறுமாறான பற்றவைப்பு இருந்தால், அந்தத் தூண் வெட்டி ஒட்டப்பட்டது, அந்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்பாளரின் முத்திரையோடு ஆண்டுக் குறியீடு இருக்கும். ஐந்து கண்ணாடி ஒரே ஆண்டும் ஒன்று மட்டும் வேறு ஆண்டுமாக இருந்தால், அந்தப் பக்கம் என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3221 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். பட்டன், அதாவது டயரின் வரிப்பள்ளம், எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஆறேழு ஆண்டு ஆன டயர் இறுகி, மழையில் பிடிமானம் இழந்துவிடும்.

நீரில் மூழ்கிய வண்டிகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதையடுத்துத் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களைச் சூழ்ந்த வெள்ளத்திலும் எண்ணற்ற கார்கள் மூழ்கின. பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டு ஆவணத்தில் குறித்த வண்டியின் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கருதித் தொகையைக் கொடுத்துவிடும். அப்படிக் கைவிடப்பட்ட வண்டிகளும் மெருகேறிச் சந்தைக்குத் திரும்புவதுண்டு. இவற்றில் இஞ்சினைவிட மின்கம்பிகளே நாளடைவில் துன்பம் தரும்: இணைப்புகளில் பச்சை பூத்து, ஒருநாள் விளக்கும் மறுநாள் ஜன்னலும் அதற்கடுத்த நாள் காற்றுப்பை எச்சரிக்கையுமாக, எந்த மெக்கானிக்குக்கும் பிடிபடாத கோளாறுகள் வந்துகொண்டே இருக்கும். இருக்கைப் பட்டையைக் கடைசிவரை வெளியே இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பது, இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு தேடுவது, ஸ்டெப்னி இருக்கும் குழியில் வண்டலைத் தடவிப் பார்ப்பது, ஜன்னலை மூடிவைத்து மழைநாள் வாடை வருகிறதா என்று முகர்வது ஆகிய நான்கும் சேர்ந்தால், மூழ்கிய வண்டி பெரும்பாலும் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. எண்ணைக் குறைப்பது சில நிமிட வேலையாகிவிட்டது. கம்பெனி சர்வீஸ் மையத்தில், வண்டி எண்ணைக் கொண்டு ஒவ்வொரு வருகையின் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் பதிவாகியிருக்கும். உரிமையாளரின் ஒப்புதலோடு அந்தப் பட்டியலைப் பெற்றால், 2021-இல் 71,000 காட்டிய மீட்டர் இன்று 48,000 காட்டும் விந்தைகளும் வெளிவரலாம். பட்டியல் கிடைக்காதபோது, தேய்ந்து வழுவழுப்பான பெடல் ரப்பரும், மினுங்கும் ஸ்டீயரிங்கும், ஓட்டுநர் பக்கம் மட்டும் அமுங்கிய இருக்கையும் உண்மையைச் சொல்லும். சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கையில் இஞ்சின் இரைச்சல் ஏறியும் வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் நழுவுகிறது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது 'டக் டக்' என்று கேட்டால் சஸ்பென்ஷன் புஷ்கள் போய்விட்டன. பிந்தையது சிறு செலவு. அதைக் காரணம் காட்டி விலையைக் குறைத்துக்கொள்ளலாமே தவிர, நல்ல வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. மாணவர் தமக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை ஒரு நாள் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வதைச் செலவாகக் கருதக் கூடாது. விற்பவரே பரிந்துரைக்கும் மெக்கானிக் அதற்கு உதவ மாட்டார்.

தாளில் இருக்கும் வண்டி

இயந்திரம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், ஆவணம் சரியில்லாத வண்டி மாணவருக்கு ஏற்றதன்று. பதிவுச் சான்றிதழில், அதாவது ஆர்சியில், உள்ள விவரங்களை மத்திய அரசின் பரிவாகன் தளத்திலும் எம்பரிவாகன் செயலியிலும் வண்டி எண்ணைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எத்தனையாவது உரிமையாளர், பதிவும் காப்பீடும் எதுவரை செல்லும், கடன் ஈட்டில் உள்ளதா என்பவை அங்கே தெரியும். செலுத்தாத அபராதங்களை இ-சலான் தளம் காட்டும். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரதி, ஆர்சியிலுள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்தால், விற்பவர் கடனை முடித்துவிட்டதாகச் சொல்வது மட்டும் போதாது: வங்கி கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும் தடையில்லாச் சான்றும் கைக்கு வந்து, மக்கள் 'எச்பி கேன்சல்' என்று சொல்லும் கடன் ஈட்டு நீக்கம் பதிவான பிறகே முழுத் தொகையைக் கொடுக்க வேண்டும்.

வெளிமாநிலப் பதிவு வண்டிகள் விலை குறைந்திருப்பது உண்மை. தில்லியில் பழைய வண்டிகளுக்கு வயதுக் கட்டுப்பாடு வந்தபின் அங்கிருந்து தெற்கே வந்தவையும், வரி குறைவு என்பதால் புதுச்சேரியில் பதிவானவையும் தமிழ்நாட்டுச் சாலைகளில் நிறையவே உள்ளன. ஆனால் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருக்கும் வண்டிக்கு, முந்தைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று பெற்று, இந்த மாநில வரி செலுத்தி, புதிய எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்தால் மலிவு மறைந்துவிடுகிறது.

'கார் கன்சல்டிங்' என்ற பலகையோடு ஊருக்கு ஊர் இருக்கும் விற்பனையகங்களில் வாங்குவோர், 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி ஒன்றைத் தெரிந்துகொள்வது பயன் தரும். அதன்படி பழைய வண்டி வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும்; உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால், விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அத்தகைய அங்கீகாரம் உள்ள இடத்தில் வாங்குவதும், முடிந்தவரை பழைய உரிமையாளரிடமே தொலைபேசியில் பேசி வண்டியின் வரலாற்றைக் கேட்பதும் சிறந்தது. அந்த எண்ணைத் தர மறுக்கும் கடையில் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க அவசரப்பட வேண்டாம். கம்பெனிகளே நடத்தும் பழைய கார் நிலையங்களில் விலை சற்றுக் கூடுதல் என்றாலும், சோதனையும் வரையறுக்கப்பட்ட உத்தரவாதமும் உண்டு. உடன்வர நம்பகமான மெக்கானிக் கிடைக்காத மாணவருக்கு அந்தக் கூடுதல் தொகை நியாயமானதே.

காப்பீட்டில் மாணவர் குடும்பங்கள் அறியாமல் விடும் இடங்கள் இரண்டு. மற்றவருக்கு ஏற்படும் பாதிப்பை ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். 2022 ஜூன் மாதம் நிர்ணயித்த கட்டணப்படி 1,000 சிசிக்கு மிகாத காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், இவற்றின் மேல் வரி. வண்டி கைமாறும்போது இந்தப் பகுதி தானாகவே புதியவருக்கு மாறிவிடும் என்று சட்டம் கொள்கிறது. வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படி மாறுவதில்லை. பதினான்கு நாள்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்தில் பெயரை மாற்றாமல் வண்டியை மோதிவிட்டு, பழைய பாலிசியைக் காட்டிப் பணம் கேட்டால் கிடைக்காது. விபத்தின்றி ஓட்டியதற்கான கழிவும் பழைய உரிமையாளரோடு போய்விடும், வண்டியோடு வராது. இரண்டாவது இடம் இன்னும் கவனத்துக்குரியது. வண்டியைத் தந்தையின் பெயரில் வாங்கி மகளோ மகனோ ஓட்டுவது இங்கே வழக்கம். பொதுவாகப் பாலிசியோடு சேர்த்து எடுக்கப்படும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்கு மட்டுமே செல்லும். தந்தை பெயரிலுள்ள வண்டியை ஓட்டும் மாணவருக்கு அது பொருந்தாது. ஒன்று, பதினெட்டு நிரம்பிய மாணவரின் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். அல்லது, ஓட்டுபவருக்கும் பயணிகளுக்குமான கூடுதல் காப்பைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கு விற்பவர் 29-ஆம் எண் படிவத்திலும், இருவரும் 30-ஆம் எண் படிவத்திலும் கையெழுத்திட வேண்டும். விற்றவர் பதினான்கு நாள்களுக்குள்ளும், வாங்கியவர் முப்பது நாள்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தேதியிடாத படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலேயே வண்டி மூன்று நான்கு கை மாறுவது நம் சந்தையின் பழைய நோய். அப்படிப் பல கை மாறிய கார் ஒன்று விபத்துக்குள்ளான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பில், பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று கூறியது. அவர் வண்டியை விற்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தது என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

புதிய ஆர்சி அட்டை விரைவு அஞ்சலில் வீட்டுக்கு வந்து சேரும் என்பதால், விண்ணப்பத்தில் விடுதி முகவரிக்குப் பதில் நிலையான வீட்டு முகவரியைக் கொடுப்பது நல்லது. அட்டை வந்த அன்றே அதன் படம் ஒன்றைப் பழைய உரிமையாளருக்கு அனுப்பிவிட வேண்டும்; வண்டியின் முன்கதையை மறைக்காமல் சொன்ன அந்த மனிதர், தம் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கியதை அந்தப் படத்தில்தான் முதன்முதலாகப் பார்ப்பார்.